மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி

காரைக்குடியில் இரண்டு நாள் பயிற்சி.
பச்சை என்றால் புரிந்துவிட்டது,
மஞ்சள் என்றால் பாதி,
சிவப்பு என்றால் கவனியுங்கள் என்றார் பயிற்றுநர்.
குறித்துக்கொண்டேன்.
சிக்னல் தெரிந்தால் வண்டி ஓட்டிவிடலாம் என்று
நானும்தான் நம்பினேன்.

புதுவயல் திரும்பி
முதல் பாடத்தை ராத்திரி பத்துக்குப் பதிவு செய்தேன்.
எதிர் ரைஸ் மில்லில் அப்போதுதான் ஷிஃப்ட் மாறும்,
பத்து நிமிடம் சத்தம் ஓயும்.
ஃபேனை நிறுத்தி, ஜன்னலை அடைத்து,
அவித்த நெல்லின் வாடையில் வேர்த்து வழிந்து
இட்லிப் பானையில் சாய்த்து வைத்த போனுக்கு
இயற்கணிதம் நடத்தினேன்.
போன் கொட்டாவி விடவில்லை.
தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்று கேட்கவில்லை.
அடடா, வகுப்பென்றால் இதுவல்லவா
என்றுகூடத் தோன்றியது.

எட்டாம் வகுப்பு ஆ பிரிவு, நாற்பத்தொரு பேர்.
வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தேன்.
நாற்பது பச்சை.
பாதிப்பேர் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்திருக்கிறார்கள்.
அந்த வேகத்தில் என் குரல் எப்படியிருக்கும் என்றேன்.
கடலை வறுக்குற மாதிரி டீச்சர் என்றான் இளஞ்செழியன்.

ஒரே ஒரு சிவப்பு.
செ. கொப்புடைநாயகி.
ஆறு நிமிடப் பாடத்துக்கு ஐம்பத்தெட்டு நிமிடம்.
மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடியில்
பதினேழு முறை நிறுத்தியிருக்கிறாள்.
கீழே செயலியின் பரிந்துரை:
எளிய பாடத்துக்கு மாற்றவும்.

கூப்பிட்டேன்.
நெட் சரியில்லையா?
இல்ல டீச்சர்.
வீட்டுல வேல இருந்துச்சா?
இல்ல டீச்சர்.
அம்மா மில்லில் உமி அள்ளுகிறவள்,
போன் எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வரும்.
எனக்குத் தெரிந்த காரணங்கள் அவ்வளவுதான்.
புரியலைன்னா கேக்கலாம்ல?
கொப்பி நோட்டின் ஓரத்தை நகத்தால் கீறினாள்.
புரிஞ்சுச்சு டீச்சர். அதான்...

அன்று ராத்திரி
முதன்முறையாக என் பாடத்தை நான் பார்த்தேன்.
ஐந்து கழித்தல், அடைப்புக்குள் எக்ஸ் கழித்தல் மூன்று.
வெளியே கழித்தல் இருந்தால்
அடைப்பை நீக்கும்போது உள்ளே குறி மாறும்
என்கிறது வாய், எவ்வளவு தெளிவாக!
கை மாற்றவில்லை.
மூன்றுக்கு முன்னால் பழைய கழித்தலே
அசையாமல் நிற்கிறது.
மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி.

விடை இரண்டு கழித்தல் எக்ஸ்.
விடைக்குறிப்பும் நான் ஏற்றியதுதான்.
நாற்பது பேர் என் தப்பைச் சரியாக எழுதிப்
பச்சை வாங்கியிருக்கிறார்கள்.
எட்டு கழித்தல் எக்ஸ் என்று எழுதியவள்
சிவப்பு.

போன மாதம் கரும்பலகையில் ஒரு ஏழை விட்டதற்கு
நான் திரும்புவதற்குள் கை தூக்கியவள் அவள்.
இதுக்கு ஏன் சொல்லலை என்றேன் மறுநாள்,
சனிக்கிழமை, சந்தைக் கூட்டத்தில்,
கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளை நிறுத்தி.
வீடியோல வந்தா தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்,
எனக்குத்தான் மண்டைல ஏறலையோன்னு
திரும்பத் திரும்பப் போட்டேன் டீச்சர்.

பதினேழு என்று எண்ணத் தெரிந்திருக்கிறது அதற்கு.
எதற்காக என்று கேட்க
நான் தெருவைக் கடந்து போக வேண்டியிருக்கிறது.

ராத்திரி நீக்கு என்பதைத் தொட்டேன்.
இதைப் பார்த்தவர்களின் பதிவுகளும் சேர்ந்து அழியும்,
நிச்சயமா என்று கேட்டது.
நாற்பது பச்சை போகட்டும்.
அந்தப் பதினேழு?
இல்லை என்பதைத் தொட்டேன்.

திங்கட்கிழமை முதல் பீரியட்,
ஸ்மார்ட் போர்டில் இதையே ஓட்டுவேன்,
சாதாரண வேகத்தில்.
மூன்று நிமிடம் பன்னிரண்டில் நிறுத்துவேன்.
ஒன்றும் சொல்ல மாட்டேன்.
கொப்பியின் பக்கமும் பார்க்க மாட்டேன்.

கரண்ட் மட்டும் இருக்க வேண்டும்.