காதுக்குச் சம்பளம்

பம்ப்செட் கம்பெனியில்
எனக்குக் காதுக்குத்தான் சம்பளம்.
லைனில் வரும் மோட்டாரை ஓடவிட்டு
ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் மேல் வைத்து
பிடியைக் காதெலும்பில் அழுத்தி
நாற்பது விநாடி கேட்பேன்.
உள்ளே மணல் நெரிபட்டால் சிவப்பு ஸ்டிக்கர்.
நல்லதுக்குச் சத்தமே கிடையாது என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
உண்டு.
அதற்கு ஸ்டிக்கர் அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கணபதியில் ஆறு பத்துக்கு ஏறினால்
நீலம்பூர் வர நாற்பத்தைந்து நிமிஷம்.
ஒரு ஜாஸ் ஆல்பத்துக்கு அளந்து போட்ட ரோடு.
ஒருநாள் போன் தானாகக் கொண்டுவந்து நிறுத்தியது
மூன்று பேரை:
பியானோ, பெரிய பேஸ், டிரம்.
முதல் இரண்டு நிமிஷம் பேஸ் மட்டும்
இருட்டில் சுவிட்சைத் தேடும் கை போல.
டிரம்காரன் ஒன்றுமே செய்யவில்லை.
அவன் உட்கார்ந்த நாற்காலி மட்டும்
ஒரு தடவை கிறீச்சிட்டது.
கிரீஸ் போடாத நாற்காலி. எனக்குத் தெரியும்.
அதை வெட்டி எறியாமல் விட்டிருந்தார்கள்.

அப்புறம் மூன்று பேரும் கிளம்பினார்கள்,
லட்சுமி மில்ஸ் முக்கில் சிக்னல் அணைந்த அன்று
ரோட்டைக் கடப்பவர்களாட்டம்.
யாரும் யார் கையையும் பிடிக்கவில்லை.
யாரும் அடிபடவில்லை.
யார் முன்னால் போனது என்று கேட்டால்
இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பக்கத்து சீட் ரங்கநாயகி
என் வலது காதிலிருந்து பிடுங்கிச் செருகிக்கொண்டு
ஹோப் காலேஜ் வரைக்கும் பொறுத்திருந்தாள்.
"ஏனுங்க்கா, இவிய எப்பத்தான் பாட ஆரம்பிப்பாங்க?"
பாட மாட்டாங்க கண்ணு.
"அப்ப எதுக்கு இத்தன நேரம் சுதி சேத்துறாங்க?"
என் பக்கம் பியானோ. அவள் பக்கம் டிரம்.
ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டு
எப்படிச் சண்டை போடுவது?

இன்னொரு ஆல்பம், ஒரே ஒரு பெண்.
தண்ணீர் வற்றிய சிமென்ட் தொட்டிக்குள் இறங்கி
தடித்த சாக்ஸபோனைத் தனியாக ஊதுகிறாள்.
ஊதிய ஸ்வரம் சுவரைத் தொட்டு
வேறு யாரோவாகத் திரும்பி வருகிறது.
அது வந்து சேருமுன் அடுத்ததை அனுப்பிவிடுகிறாள்.
தனியாள் என்று அட்டையில் போட்டிருக்கிறது.
எண்ணிப் பார்த்தேன், சில இடத்தில் நான்கு பேர்.

நான்காவது துண்டில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.
அவளுக்குப் பின்னால், வெகு தூரத்தில்
ஒரு மோட்டார்.
நூறு ஹெர்ட்ஸ் ரீங்காரம், என் வீட்டுச் சோறு அது.
நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கலாம்.
அவளோ தன் அடித்தொண்டை ஸ்வரத்தை
அதன் பக்கத்தில், ஒரு மயிரிழை கீழே
கொண்டுபோய் வைக்கிறாள்.
இரண்டும் உரசி
விநாடிக்கு இரண்டு துடிப்பு.
ஏழு நிமிஷம், மூச்சு வாங்கும் இடம் தவிர
அங்கேயே நிற்கிறாள்.

அந்த மோட்டாரில் பேரிங் போயிருக்கிறது.
மிஞ்சினால் ஆறு மாசம் ஓடும்.
என்னிடம் வந்திருந்தால்
சிவப்பு ஒட்டி ஓரமாகத் தள்ளியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை ஒன்று வந்தது, அதே நெரிசல்.
நாற்பது விநாடி தாண்டி
ஸ்க்ரூடிரைவரை எடுக்காமல் நின்றேன்.
லைன் தேங்கியது.
சூப்பர்வைசர் நாச்சிமுத்து வந்து தோளருகே குனிந்தார்.
"என்னுங் மேடம், நல்லதுங்களா கெட்டதுங்களா?"
கெட்டதுங்க.
ஒட்டினேன். வேலை வேலைதான்.
சுவிட்சை மட்டும்
கொஞ்சம் தாமதமாக அணைத்தேன்.

திங்கட்கிழமை.
ரங்கநாயகி கேட்காமலே
வலது பக்கத்தை எடுத்துச் செருகினாள்.
பஸ் இன்னும் ஆவாரம்பாளையம் பிரிவைத் தாண்டவில்லை.
"க்கா, அந்த நாற்காலிக்காரன்
இன்னிக்கு வல்லீங்களா?"