பதின்மூன்று அம்பியர்

இராகலை டவுனில், ஜவாத் நானாவின் கண்ணாடிப் பெட்டிக்குள்
சொக்கட்டுகள் வெள்ளை வெள்ளையாய்.
முன்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.
திருப்பினால்தான்
எது எவ்வளவு தாங்கும் என்று
கடுகளவு எழுத்தில் தெரியும்.

"குசினிக்கா? அஞ்சு ஆம்ப்ஸ் போதும் தங்கச்சி,
எல்லாரும் அதத்தான் கொண்டு போறாங்க."
விலையும் பாதி.

கைப்பையிலிருந்து
போன மாதச் சம்பளச் சிட்டையை எடுத்தேன்.
முன்பக்கம் கழிவுகள்: சேமலாபம், சந்தா, அட்வான்ஸ்,
தேயிலைத்தூள், கோயில்.
பின்பக்கம் நேற்றிரவு நான் போட்ட கணக்கு.

பூங்காவனம் அக்கா குவைத்திலிருந்து அனுப்பிய கேத்தல்
இரண்டாயிரத்து இருநூறு வாட்,
கவிழ்த்துப் பார்த்துப் படித்தேன்.
இருநூற்று முப்பதால் வகுத்தால்
ஒன்பதரைக்குக் கொஞ்சம் மேலே.
சோற்றுக் குக்கர் மூன்று.
சம்பல் அரைக்கிற மிஷின் இரண்டும் சொச்சமும்.
விடியற்காலை நாலரைக்கு, பெரட்டுக்கு முன்னால்,
மூன்றும் ஒன்றாய்த்தான் ஓடும்.
எங்கள் வீட்டில் எந்த வேலை
இன்னொரு வேலை முடியட்டும் என்று நின்றிருக்கிறது?
கூட்டினால் பதினாலே முக்கால்.

"ஒரு பதின்மூணுலயே அடங்காதத
அஞ்சுக்குள்ள எப்படி நானா அடைக்கிறது?"

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு
சிட்டையை வாங்கினார். முதலில் பார்த்தது
தப்பான பக்கத்தை.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய லயத்தில் காம்பராவுக்கு ஒரு பல்ப்,
உருண்டைப் பின் செருகுகிற ஒரு கறுத்த சொக்கட்.
அதிலும் ஐந்து என்று எழுதியிருந்திருக்கும்;
புகைக்கு அடியில் யார் வாசித்தார்கள்?
அதில் ஒரு மல்டி பிளக், அதன் முதுகில் இன்னொன்று,
சுவருக்கு மேலாகப் பக்கத்துக் காம்பராவுக்கும் ஒரு வயர்.
தைமாதப் பனியில் ஓர் இரவு
பதினொரு காம்பரா எரிந்தது.
பேப்பரில் ஒரே சொல்லாகப் போட்டார்கள்:
மின்னொழுக்கு.

ஒழுக்கு எங்களுக்குத் தெரியும்.
தகரத்தில் ஆணி கழன்ற இடத்துக்குக் கீழே
சட்டி வைத்துப் பிடிப்பது ஒழுக்கு.
இது ஒழுகவில்லை.
பதினெட்டுக் கிலோ கொள்கிற கூடையில்
இருபத்தெட்டைத் திணித்து,
கயிறு நெற்றியை அறுத்த பிறகும்
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றது.

வயரிங் செய்ய வந்த நிலந்த பாஸ்
பல்புக்கு இழுக்கிற ஒற்றை இழை வயரையே
குசினிவரை கொண்டுவந்து முடித்திருந்தார்.
சொக்கட்டை மட்டும் பெரிசாய்ப் போட்டால் போதுமாம்.
வாய் பெரிது, தொண்டை சிறிது என்றால்
விக்காதா பாஸ் என்றேன்.
சிரித்தார்.
சிட்டையைக் காட்டியதும் நிறுத்தினார்.
இழுத்த வயரை உருவி எடுக்க ஒரு பகல் போனது,
கூலியில் பாதி எனக்கு, பாதி அவருக்கு.
இப்போது சுவருக்குள் ஏழிழை ஓடுகிறது,
பெட்டியில் அதற்கென்று தனியாக இருபது அம்பியர் பிரேக்கர்.

பல்பு சுவிட்சுக்கு ஐந்தே தாராளம்.
அதில் நானாவிடம் நாற்பது ரூபாய் குறைத்தேன்.

அக்காவிடம் போனில் கேட்டேன்,
அங்கே குசினியில் எத்தனை சொக்கட்?
பதினாறு என்றாள் உடனே.
துடைக்கிறவளுக்குக் கணக்குத் தெரியும்.

எனக்கு நான்கு.
கேத்தலுக்கு ஒன்று, குக்கருக்கு ஒன்று, மிஷினுக்கு ஒன்று.
நாலாவது எதற்கு என்று
நானாவும் கேட்டார், நிலந்த பாஸும் கேட்டார்,
இரவில் இவரும் கேட்டார்.

சும்மா இருக்கட்டும்.
பதின்மூன்று தாங்குவேன் என்று எழுதிக்கொண்டு
ஒன்றையும் தாங்காமல்
சுவரில் இருக்கட்டும்.
எங்கள் குடும்பத்தில்
வேலை இல்லாமல் இருக்கிற முதல் ஆள்.