பதினேழாம் தட்டு

நீரோடியில் ஆடி மாதம்.
வாடகை அறையின் மேற்குச் சுவர்
உள்ளிருந்தே வியர்க்கிறது.
பக்கத்துக் கடையில் மலையாளத்தில் விலை கேட்டால்
தமிழில் சில்லறை தருகிறார்கள்.

கடல் புரளும் காலம் இது.
அடியில் கிடந்த தண்ணீர் மேலேறும்,
குளிர்ந்து, மூச்சு கெட்டு.
"கெட்ட வெள்ளம் ஏறியாச்சு" என்று வியாகுலம் சொல்வதற்குள்
வாளையும் கணவாயும் கரைப்பக்கம் ஓடியிருக்கும்.
அந்த வெள்ளத்துக்கும் கீழேதான்
எனக்கு வேலை.

கடல் அடங்கிய ஒரு காலையில்
நாற்பது பாகம் கயிறு விட்டோம்.
நுனியில் இரும்புக் குண்டு, அதன் கீழ்
குளியலறைக்கு வாங்கும் பிளாஸ்டிக் குழாய்.
எட்டு முறை வெறுங்குழாய்.
ஒன்பதாவதில் கறுத்த சேறு,
அழுகிய முட்டை வாடையோடு.
ஜெனிஸ்டன் மூக்கைப் பொத்தினான்:
"இந்த நாத்தத்தையா சக்கரம் குடுத்து எடுக்குதிய?"

ஆமாம்.

தட்டுகளை ஜாடிக்குள் அடுக்கி, நடுவில்
கோயில் கடை மெழுகுதிரியைக் கொளுத்தி மூடினேன்.
சுடர் நீண்டது, நீலமானது, செத்தது.
மிச்சமிருந்த காற்றை
ஒரு பொட்டல மருந்து குடித்தது.

ஐந்தாம் நாள்:
நனைந்த சாம்பல்போல் ஒன்று.
துரு நிறத்தில் ஒன்று, நடுவில் மட்டும் தேமல்.
ரேகை ரேகையாய்ப் பரவி
ஓரத்தில் மனம் மாறி நின்றது இன்னொன்று.
பெயர் வைக்கத் தெரியாமல் எண் வைத்தேன்.
முப்பத்தொன்றில் விரல் வலித்தது.

பதினேழு மட்டும் தெரிந்த முகம்.
பழைய ரொட்டியில் பார்த்திருக்கிறேன்,
ஈரச் செருப்பில்,
இதோ, இந்தச் சுவரில்.
அதே பச்சைப் பவுடர்.

கொச்சியிலிருந்து ஆறு சொல்லில் பதில்:
காற்றிலிருந்து விழுந்தது. எறிந்துவிட்டு மேலே போ, ரெக்ஸ்லின்.

எறியலாம்.
ஆனால் முப்பது செண்டிமீட்டர் ஆழத்துச் சேற்றில்
வெளிச்சுற்றைச் சீவித் தள்ளி,
நெருப்பில் காட்டிய கத்தியால்
நடுவை மட்டும் கிள்ளி வைத்தேன்.
அங்கும் அதே முகம்.
மறுபடி கிள்ளினேன். மறுபடி.

ஏதோ ஒரு மழையில் ஆற்றோடு இறங்கி,
அமிழ்ந்து, வெகுகாலம் கிடந்து,
பிராணவாயு கிடைக்காத இடத்தில்
நைட்ரேட்டை வைத்து ஒப்பேற்றக் கற்றதோ?
அங்கேயே பிறந்ததா, வந்து தங்கியதா
என்று கேட்க எனக்குக் கூச்சம்.
அம்மை பொழியூர், அப்பன் மார்த்தாண்டன்துறை;
நடுவில் நிற்கும் அரசுப் பலகையை
இரண்டு பேருமே வாசித்ததில்லை.

டீசல் காசு வாங்க வியாகுலம் வந்தார்.
தட்டுகளைப் பார்த்தார், தொடவில்லை.
"இது அங்க என்னத்த தின்னு கெடக்கு?"
மேலிருந்து விழுவதை எல்லாம், என்றேன்.
பாசி, செதில், இறால் ஓடு,
அறுந்த கயிறு, உடைந்த வள்ளத்து மரம்...
அங்கே நிறுத்திக்கொண்டேன்.
அவரும் மேலே கேட்கவில்லை.
காசை எண்ணாமல் மடியில் செருகினார்.

கொச்சி பஸ் காலை ஐந்தேகாலுக்கு.
முப்பது தட்டுகளை ஐஸ்பெட்டியில் வைத்துக் கட்டினேன்.
பதினேழு கட்டிலுக்கடியில்,
ஜாடிக்குள், புதுத் திரியோடு.
சுடர் செத்த பிறகு
தீக்குச்சி உரசிச் சுவரைப் பார்த்தேன்.
பச்சை இன்று
ஒரு விரற்கடை இறங்கியிருந்தது,
தரையை நோக்கி.