இரண்டரைக் கட்டை

வைரமாலை ஆடியோஸ் எங்களைக் கைகழுவியபோது
குழுவின் பெயரையும் வைத்துக்கொண்டது.
பதினொரு கேசட், நாலு சிடி,
பின்னியக்காள் மஞ்சள் சேலையில் சிரிக்கும் அட்டைப்படம்,
எல்லாம் அவர்கள் சொத்தென்று
ஆறாம் பக்கத்தில் போட்டிருந்ததாம்.
நாங்கள் படித்தது முதல் பக்கம்.
அதில் முன்பணம் இருந்தது.

ஏழு வருஷம்.
வாலகுருநாதன் கப்பலூரில் டயர் ஏற்றினான்.
நான் ஆம்னி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டேன்.
பின்னியக்காளுக்குக் கழுத்தில் கட்டி;
பெரியாஸ்பத்திரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அறுத்தெடுத்தார்கள்.

இந்தத் தட்டைப் பதிந்தது வில்லாபுரத்தில்,
சிக்கந்தரின் மெத்தைக் கடையில்.
ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கும்.
நாலு பக்கமும் இலவம்பஞ்சு.
பேசினால் பேச்சு ஒரு முழம் போய்
உட்கார்ந்துகொள்ளும்.
திருவிழாப் பொட்டலில் முழங்கிப் பழகிய உருமி
திகைத்து நின்றது.
“யாரோ வாயப் பொத்துன மாதிரி இருக்குடா”
என்றான் வாலகுரு.

வினோதினி தலையணை அடுக்கில் லேப்டாப்பை வைத்து
பழைய ஐந்தரைக் கட்டையைச் சுதியாகப் போட்டாள்.
இரண்டாம் வரியில் குரல்
படி இருக்குமென்று காலை வைத்த ஆள்போல
தடுமாறி நின்றது.
ஒச்சாத்தேவர் சீவாளியை நனைத்துக்கொண்டே இருந்தார்,
நனைந்த பிறகும்.
“அஞ்சு வைக்கவா அக்கா?”
“கீழ.”
“நாலரை?”
“இன்னும் கீழ. கத்திரிக்காயா வாங்குற
அரை அரையா எறக்க?”

இரண்டரையில் பாடினாள்.
அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை.
பெட்ரோல் தீர்ந்த வண்டியை
ரோட்டோரம் சாய்த்து நிமிர்த்தி உதைத்தால்
கிளம்புமே,
அந்தச் சொச்சம்.
அதில் வீடுவரை போய்விடலாம்.

எங்கள் நாயனத்துக்கு அவ்வளவு இறக்கம் வராது.
அலங்காநல்லூரில் நீளமான ஒன்றை
ஒச்சாத்தேவர் இரவல் வாங்கிவந்தார்,
ஒரு வாரம் என்று சொல்லி.

மூன்றாவது பாட்டுக்கு நடுவில்
தாமதமான சென்னை விமானம் இறங்குகிறது.
“அழிச்சிரவா?” என்றாள் வினோதினி.
“இருக்கட்டும். மெட்ராசுலருந்து
ஒருத்தனாவது எறங்கி வந்தான்ல.”

ஐந்நூறு பென்டிரைவ்.
பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
‘சிக்கந்தர் மெத்தை மார்ட், தவணை உண்டு.’
மாட்டுத்தாவணி மினிபஸ் டிரைவர்கள்
“மெத்தைக்கடை செட்டு வந்துருச்சா?” என்று கேட்டு வாங்குகிறார்கள்.

போன வியாழன் கம்பெனி வக்கீல் பேசினார்.
ஐந்தாவது பாட்டின் தொடக்கக் கூவல்
அவர்கள் பதிவில் ஏற்கெனவே உள்ளதாம்.
பின்னியக்காள் போனை வாங்கினாள்.
“அது நான் ஆட்டக் கூப்பிடுற சத்தம் தம்பி.
ஆடும் ஒங்களதுன்னா வந்து ஓட்டிட்டுப் போங்க.
பதினேழு உருப்படி. ரெண்டு செனை.”
அந்தப் பக்கம் கொஞ்சநேரம்
மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

நோட்டீஸ் இன்னும் வரவில்லை.
இருநூற்று முப்பது பென்டிரைவ் சாக்கில் கிடக்கிறது.
உருமிக்கு ஒரு பக்கம் தோல் மாற்றணும்.
ஒச்சாத்தேவர் அலங்காநல்லூர் போனை எடுப்பதில்லை,
நாயனத்தைத் திருப்பிக் கேட்பதற்குள்
இன்னொரு தட்டு பதிந்துவிடலாம் என்கிறார்.