நாற்பத்தொரு கிலோபைட்

முனையத்துக்கு ஓர் எடிட்டர் எழுதுகிறேன் என்றேன்.
எந்த முனையம், மூன்றா நான்கா,
சாங்கியில் உனக்கு யாரைத் தெரியும் என்றாள் மெஹருன்னிசா.
பாண்டான் லூப், அதிகாலை இரண்டேகால்.
கோப்பி ஓ அவள் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

கறுப்புத் திரை, ஓரத்தில் கண்சிமிட்டும் வெள்ளைக் கட்டை.
அந்த முனையம்.
மீன் கிடங்கின் ஆறாம் அறைக்குள்
சுவரில் அறைந்த பெட்டி,
என் மகனின் கைக்கடிகாரத்தைவிடக் குறைந்த நினைவகம்.
அதில் ஒரு வரி: மைனஸ் பதினெட்டு.
நானூறு டன்னையும் கல்லாக வைத்திருப்பது
அந்த ஒரு வரிதான்.

அதைத் திருத்தப் போகிற ஆள் கையுறை போட்டிருப்பார்.
போட்டால்
இரண்டு விசையைச் சேர்த்து அமுக்க வராது.
ஆகவே ஒரு நேரத்தில் ஒரு விசை.
ஆகவே இரண்டு நிலை:
ஒன்றில் எழுத்து எழுத்தாகவே இருக்கும்,
மற்றதில் அதே எழுத்து ஏவல்.
அ என்றால் அழி.
எ என்றால் எழுது.
ஒ, ஒட்டு.
உயிரெல்லாம் வேலைக்குப் போய்விட்டது.
மெய்களுக்கு இன்னும் ஆணை வரவில்லை.

உயிர் மெய்யோடு சேர்ந்தபோதுதான் தகராறு.
சரக்குப் பட்டியலில் முதல் பெயர் கொடுவா.
நமக்கு ஒன்றாகத் தெரியும் கொ
இயந்திரத்துக்கு இரண்டு.
கொம்பு முன்னே, கால் பின்னே,
நடுவில் மாட்டிக்கொண்டு க.
ஒரே ஒரு தரம் பின்னழித்தேன்,
கொம்பும் காலும் சேர்ந்து உதிர்ந்தன.
திரையில் கடுவா.
“எங்க கடையநல்லூர்ப் பக்கம் அது புலி!”
சிரித்ததில் கோப்பியைச் சிந்தினாள் மெஹருன்னிசா.
“ஆறாம் ரூம்ல புலி நிக்குதுன்னு எழுதிப் போடு.”

மூன்று வாரம், ஈசூன் வீவக வீட்டின் சமையலறை மேசையில்,
துவைக்கும் இயந்திரம் அதிர்கிற சத்தத்தில்
அதற்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தேன்:
எது ஓர் எழுத்து,
எது எழுத்தின்மேல் சாய்ந்து நிற்பது,
எது திரையில் இரண்டு கட்டம் அடைப்பது.
ஔகாரத்தைத் தொடவில்லை. இன்னும் தொடவில்லை.
நாற்பத்தொரு கிலோபைட்டில் வந்து நின்றது.
ஒரு மீனின் புகைப்படம்கூட இதைவிடப் பெரிது.

எஸ்கேப் அழுத்தினால் உடனே நம்பிவிடாது.
அம்புக்குறி விசையும் அதே குறியில்தான் தொடங்கும்.
போகிறேன் என்கிறாளா,
அந்தப் பக்கம் போ என்கிறாளா?
பத்தில் ஒரு வினாடி காத்திருக்கும்.
பின்னால் ஏதும் வராவிட்டால்தான் விடும்.
இவ்வளவு பொறுமையை நான் யாருக்கும் தந்ததில்லை.
திரு. கோக் எனக்கும்.

செவ்வாய் இரவு அதை உள்ளே கொண்டுபோனேன்.
கோப்பு திறந்தது.
பட்டியலில் ஒரு பெயர் சேர்க்க வேண்டும்.
எந்த நிலையில் நிற்கிறேன் என்று பார்க்காமல்
அயிலை என்று அடித்தேன்.

அ.
ஒரு வரி போயிற்று.
எந்த வரி என்று சொல்ல வேண்டியதில்லை.
அடுத்து ய.
அதற்கு நான் வேலை கொடுத்திருக்கவில்லை.
அதன் வேலையைத் தேடிப் போன நிரல்
திரும்பி வரவில்லை.

அடிக்கிறேன், எழுத்து விழவில்லை.
முனையம் ஊமை.
கையுறைக்குள் விரல் மரத்துப்போயிருந்தது.
ஒன்றும் தெரியாத அந்தக் கறுப்பில்
ஐந்தெழுத்து ஓதினேன்,
நமசிவாய இல்லை,
முனையத்தைப் பழையபடி ஆக்குகிற
வேறு ஐந்து.

கட்டை கண்சிமிட்டியது.
கோப்பைக் காட்டு என்றேன்.
சேமிக்குமுன் செத்துப்போனதால்
வட்டில் எதுவும் மாறவில்லை.
மைனஸ் பதினெட்டு.
கீழே கொடுவா, கொம்போடும் காலோடும்.

கதவைத் தள்ளி வெளியே வந்தேன்.
மணி நாலு, இருபத்தேழு டிகிரி,
மூக்குக்கண்ணாடி முழுக்க வெள்ளை.
மெஹருன்னிசா ஒரு கலங்கலாக நின்றாள்.
“என்னாச்சு?”
கண்ணாடி தெளியட்டும் என்று பேசாமல் நின்றேன்.
அவளும் கொஞ்சம் நின்றாள்.
“நாளைக்கு,” என்றேன்,
“நாற்பத்திரண்டு.”