காற்று திருடன் இல்லை

பெட்டியில் ஆறு மாதம் என்று அச்சிட்டிருந்தது.
பதினொன்றாம் நாள் காலை
கண்ணை மூடிக்கொண்டது கேமரா.

சைக்கிள் களவு போன பிறகு வாங்கியது.
வாசல் நிலைக்கு மேலே, இரண்டு திருகாணியில்.
புன்தா அரெனாஸில் ஜூலை என்றால்
பத்து மணிக்கு விடிந்து ஐந்தரைக்கு இருட்டிவிடும்.
அத்தனை இருட்டையும் அது
விழித்துப் பார்த்தது. பார்க்கப் பார்க்கப் பசித்தது.

கழற்றி வந்து கெட்டில் பக்கத்தில் வைத்தேன்.
வெளியே பன்னிரண்டு காட்டிய பேட்டரி
சூடேறியதும் முப்பத்தொன்று என்றது.
எடுத்ததைத் தானே திருப்பி வைக்கிற ஒருவனை
இந்த ஊரில் இப்போதுதான் பார்க்கிறேன்.
குளிர்தான், என்றார் பக்கத்து வீட்டு ஹெரிபெர்த்தோ.
விறைத்த விரலால் காசு எண்ணினால்
குறையத்தான் செய்யும்.

எங்கள் வீடுகளுக்குத் தகரச் சட்டை.
சுவரும் தகரம், கூரையும் தகரம்,
ரவுட்டரோ கூடத்தின் கோடியில், டிவிக்குப் பின்னால்.
சாத்திய கதவுக்கு வெளியே நின்று
இரவெல்லாம் கத்தியிருக்கிறது பாவம்.
தொண்டை வற்றாதா?
ரவுட்டரைக் குளியலறைச் சன்னலுக்கு மாற்றினேன்,
பற்பசைக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு.
பதினாறு நாள் வந்தது.

அக்டோபரில் காற்று வந்தது.
எங்கள் காற்றைத் தெரியாதவர்களுக்கு:
தெருவில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
நான்கே நாளில் தீர்ந்தது.
உட்கார்ந்து பார்த்தேன் துண்டுத் துண்டுப் படமாக,
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஹெரிபெர்த்தோவின் விறகை மூடிய நீலத் தார்ப்பாய் எழுகிறது.
நீலத் தார்ப்பாய் விழுகிறது.
எழுகிறது.
ஒரு பிளாஸ்டிக் பை வேலி தாண்டி வந்து
யோசித்து
திரும்பிப் போகிறது.
லாரி விளக்கு. நாய். தார்ப்பாய்.
கொடியில் என் வேலைச் சீருடை
கையைக் காலை உதறுகிறது;
அதற்கு நான்கு முறை 'நபர்' என்று பெயர் வைத்திருந்தது.

திரையில் விரலால் கோடு போட்டேன்.
தெரு வேண்டாம், விறகு வேண்டாம், கொடி வேண்டாம்.
உணர்திறனை ஒன்பதிலிருந்து மூன்றுக்கு இறக்கினேன்.
காற்று திருடன் இல்லை என்று
பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச்
சொல்லிக் கொடுத்தேன்.

அப்படியும் வடிந்தது.

நான் ஃப்ராங்க்கா கிடங்குகளில் இரவுக் காவல்.
பதினாறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள்.
அங்கே கேமராக்களுக்குக் கம்பி வழியே சோறு போகிறது,
ஒன்றும் பட்டினி கிடப்பதில்லை.
ஒருநாள் இடைவேளையில் கணக்கைத் திறந்தால்:
நேரலை, நேற்றிரவு, நாற்பத்தொரு முறை.
இரண்டு பத்து. இரண்டு பதினான்கு. இரண்டு பதினைந்து.
பார்த்த கைபேசி: யெர்க்காவுடையது.

யெர்க்கா நான்தான்.

போன சைக்கிள் போய்விட்டது. என்னத்தைப் பார்த்தேன்?
கதவு. படி. படியில் கிடந்த ஒற்றைக் கையுறை.
நான் இல்லாமல் வீடு எப்படி இருக்கிறது என்று
பார்த்திருப்பேன்.
நன்றாகத்தான் இருந்தது.

கைபேசியை லாக்கரில் வைத்துப் பூட்டினேன்.
முதல் இரவு, பதினேழாவது திரை எங்கே என்று
கை தானாகப் பைக்குள் போனது.
பிறகு மறந்தது.

போன வியாழன் வேலை முடிந்து வருகிறேன்,
கேட்டைக் காணோம்.
கீல் இருக்கிறது, பூட்டு மண்ணில் கிடக்கிறது,
கேட் இல்லை.
மணிக்கு நூற்றிருபது என்றது வானொலி.
தலைக்கு மேலே கேமரா
நல்ல தூக்கம் தூங்கி எழுந்த முகத்தோடு.
பதிவுகள்: ஏதுமில்லை.
பேட்டரி: தொண்ணூற்று நான்கு.

மூன்று தெரு தள்ளி, பல் மருத்துவர் மதிலில்
சாய்ந்து நின்றிருந்தது கேட், யாருக்கோ காத்திருப்பதுபோல.
ஹெரிபெர்த்தோவும் நானும்
ஆளுக்கொரு முனை தூக்கி நடந்தோம்.
எதிர்காற்று. அவர் ஏதோ கத்தினார்,
சிரித்தார் என்பது மட்டும் தெரிந்தது.

வாசலை நெருங்கும்போது
என் சட்டைப் பையில் கைபேசி துடித்தது.
'இரண்டு நபர்கள் உங்கள் வாசலில்.'
தொண்ணூற்று மூன்று.