காத்திருப்புக் கட்டணம்

கியோத்தோவின் கோயில்களை
வண்டி நிறுத்தும் இடங்களாகத்தான் எனக்குத் தெரியும்.
பொன் மண்டபத்துக்கு நாற்பது நிமிடம்.
கல்லும் மணலுமான தோட்டத்துக்கு இருபது,
புரிந்துகொள்ளப் பார்க்கிறவர் என்றால் ஐம்பது.
கியோமிசுவுக்கு ஏற்றமும் உண்டு, பீங்கான் கடைகளும் உண்டு.
நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

புத்தரைப் பார்த்ததில்லை.
பார்த்துவிட்டு வருகிற முகங்களைப் பார்த்திருக்கிறேன்.
பெரும்பாலும் கால் வலி என்கிறார்கள்.

அன்று ஏறியவர் சுகுதா,
வடக்கே ஒத்தாருவிலிருந்து,
படகுத்துறையில் முப்பத்தாறு வருடம் சீட்டுக் கிழித்தவர்.
புஷிமி மலையடிவாரத்தில் கதவைத் திறந்துவிட்டேன்.
"ஆயிரம் வாயில் என்கிறார்கள்," என்றார்,
"யாராவது எண்ணினார்களா?"
எண்ணப் போனார்.

பின் இருக்கையில் அவர் மாத்திரைப் பெட்டி.
ஏழு நாளுக்கு ஏழு வரிசை.
வியாழன், மதியம்: இன்னும் திறக்காத மூடி.
மணி ஒன்றரை.

மீட்டரை நிறுத்தினேன்.
இருபத்திரண்டு வருடம் ஏறாத மலை அது.

வாசலில் இரண்டு நரிகள்.
ஒன்றின் வாயில் சாவி,
மற்றதன் காலடியில் யாரோ வைத்த பொரித்த தோஃபு,
அதன் மேல் ஒரு காகம்.
பிறகு செந்தூரத் தூண்கள்,
இடையில் ஒரு கை நுழையும் அளவுக்கு வெயில்.

ஏறும்போது எதுவும் தெரியாது.
வாயில் கொடுத்தவர்களின் பெயரெல்லாம் முதுகில்.
தூண் தூணாகத் தாண்டினேன்,
திரும்பிப் பார்க்காமல்.
திரும்பாமல் இருப்பதும் ஒரு வேலைதான்,
கழுத்து வலித்தது.

மரம் அடியிலிருந்து மக்கும்.
மக்கினால் எடுத்துவிட்டு
புதிதாய்ப் பணம் கட்டியவருக்கு அந்தக் குழியைத் தருவார்கள்.
இருக்காது என்றே நினைத்துக்கொண்டேன்.
இருக்காது என்று நினைப்பது வசதி.

வளைவுக்கு மேலே அவர், கல்லில் அமர்ந்து.
"சுகுதா ஐயா!"
"நானூற்றுப் பன்னிரண்டு," என்றார் கோபமாக,
"உங்கள் குரலில் போயிற்று."
தேநீர்க் கடை வெந்நீரில் மாத்திரை விழுங்கினார்.

இறங்கும்போது எண்ணவில்லை, வாசித்தார்.
எழுத்தைக் கண்டால் விடாத கண்.
சாக்கே காய்ச்சுகிறவர். பல் மருத்துவர்.
பச்சிங்கோ கூடம். காப்பீடு.
காப்பீடு. மறுபடி காப்பீடு.
"ஹிராகுரி வாடகைக் கார்."

நின்றேன்.
கறுப்பு மை பாதி உதிர்ந்திருந்தது.
தூணின் அடியில் விரல் வைத்தேன்,
ஊறிய ரொட்டிபோல் உள்ளே போனது.

"கார்க்காரன் நரியிடம் என்ன கேட்டிருப்பான்?"
"டயர் பஞ்சராகக் கூடாதென்று."
சிரித்தார்.
"பெரிய கம்பெனியோ?"
"ஆறு கார்."

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை:
நல்ல வருடம் என்று அப்பா நம்பிய வருடம் அது,
அதற்குப் பின் எட்டு வருடம்,
ஒவ்வொரு காராக,
கடைசிக் கார் போன அன்று அதன் சாவி
இரவெல்லாம் அவர் சட்டைப் பையில்.

வண்டியில், என் இருக்கைக்கு முன்னால்,
சட்டப்படி தொங்கும் அட்டை.
என் படம், உரிம எண், பெயர்.
கண்ணாடியில் பார்த்தேன்,
எழுத்தைக் கண்டால் விடாத கண்
அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

இரண்டு சிக்னல் பேச்சில்லை.
மூன்றாவதில் கேட்டார்:
"என்ன நிறம்?"
"செந்தூரம்தானே, பார்த்தீர்களே."
"வாயில் இல்லை. கார்."

"பச்சை," என்றேன்.
கொஞ்ச தூரம் போய்,
"கதவில் ஒரு வெள்ளைக் கோடு."

அடுத்தது தோஃபுகு கோயில். முப்பது நிமிடம்.
நீங்களும் வாருங்கள் என்று அவர் கூப்பிடவில்லை.
குடையை எடுத்துக்கொண்டார், தொப்பியை எடுத்துக்கொண்டார்,
மாத்திரைப் பெட்டியை இருக்கையின் நடுவில்,
நேராக,
வைத்துவிட்டு இறங்கினார்.